முதல் விருப்பமாக எதைப் போடுவது?

கேள்வி: நாங்கள் மெல்பேர்ணில் நோபிள் பார்க்கில் இருக்கிறோம். மகள் இந்த வருடம் வி.சி.ஈ. (விக்டோரியாவின் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பு) முடித்தாள். ஏட்டார் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப் புள்ளி) 94.3. கணிதம் இரண்டும், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ், அதோடு தமிழும் எடுத்தவள். இஞ்சினியரிங் செய்வதாகத்தான் வீட்டில் பேச்சு. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தின் சயன்ஸை முதலாவதாகவும் மொனாஷ் இஞ்சினியரிங்கை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறோம். இரண்டு இடமும் கிடைத்த பிறகு ஆறுதலாக யோசிக்கலாம் என்று இருந்தோம். கணவருக்கு மெல்பேர்ண்தான். உலகத் தரவரிசையில் அதுதான் மேலே, சயன்ஸ் செய்தால் பிறகு மெடிசினுக்கும் போகலாம் என்கிறார். என் அண்ணாவின் மகன் மொனாஷில் படித்து நல்ல வேலையில் இருக்கிறான், அதனால் அண்ணா மொனாஷ் என்று நிற்கிறார். போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் இரண்டு பேருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. மகளைக் கேட்டால் "எதென்றாலும் பரவாயில்லை அம்மா" என்கிறாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பள்ளி ரோபோட்டிக்ஸ் குழுவில் இருக்கிறாள், சனி ஞாயிறு கராஜுக்குள்தான். வெளியே தங்கவிட எங்களுக்கு விருப்பமில்லை, தினமும் ரயிலில்தான் போய்வர வேண்டும். விருப்பங்களை மாற்ற இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு இடமும் கிடைத்த பிறகு யோசிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இரண்டும் கிடைக்காது. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் வீட்டாக்கில் எட்டு விருப்பங்கள் வரை போடலாம், ஆனால் ஒரு சுற்றில் வருவது ஒரே ஓர் இடம். பட்டியலை மேலேயிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள். எந்த வரியில் பிள்ளைக்குத் தகுதி இருக்கிறதோ அந்த இடத்தைத் தந்துவிட்டு அதோடு நிறுத்திவிடுவார்கள். கீழே இருப்பதை எட்டியும் பார்ப்பதில்லை. 94.3-க்கு மெல்பேர்ண் சயன்ஸ் கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம். ஆகவே இப்போது இருக்கிற ஒழுங்கில் விட்டால் மொனாஷ் என்ற பெயரில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சலும் வராது. பிறகு வரும் சுற்றுகளில் மாற்றிப் பார்க்கலாம்தான், ஆனால் அங்கே மிஞ்சிக் கிடப்பதுதான் கிடைக்கும். நீங்கள் தள்ளிப்போட்டதாக நினைக்கிற முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள். வேண்டுமென்றால் இந்தச் சில நாட்களில் மாற்றலாம், அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு பயமும் நம்மவர்களிடம் உண்டு: இரண்டாவதாகப் போட்டால் அந்தப் பல்கலைக்கழகம் கோபித்துக்கொள்ளும், மதிப்பைக் குறைத்துவிடும் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முதலாவதில் போட்டவளும் ஐந்தாவதில் போட்டவளும் தெரிவின்போது ஒரே தட்டில்தான் நிறுக்கப்படுகிறார்கள். ஆகவே கணக்குப் பார்த்துப் போட வேண்டாம், உண்மையில் எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள்.

சரி, எது வேண்டும்?

வீட்டில் நடக்கிற சண்டை மெல்பேர்ண் பெரிதா மொனாஷ் பெரிதா என்பது. தெரிய வேண்டியதோ வேறு. அந்தப் பட்டியலில் நீங்கள் போட்டிருக்கும் இரண்டு வரிகளும் ஒரே படிப்பு அல்ல. மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 2008-இல் தன் படிப்பு முறையையே மாற்றியது. முதல் பட்டம் மூன்று வருடம், பொதுவானது: சயன்ஸ், ஆர்ட்ஸ், கொமர்ஸ், டிசைன் என்று சில பட்டங்கள்தான். இஞ்சினியரிங், சட்டம், மருத்துவம் எல்லாம் அதற்கு மேலே ஏறிப் படிக்க வேண்டியவை. ஆகவே உங்கள் மகள் அங்கே போனால் மூன்று வருடம் சயன்ஸ், அதில் மெக்கானிக்கல் சிஸ்டம்ஸ், எலெக்ட்ரிக்கல் சிஸ்டம்ஸ் போல ஒரு துறையைப் பிரதானமாக எடுத்து, பிறகு இரண்டு வருடம் மாஸ்டர் ஒஃப் இஞ்சினியரிங். மொத்தம் ஐந்து. அந்தத் துறையைச் சரியாக எடுக்காமல் விட்டால் மாஸ்டர்ஸ் மூன்று வருடமாக நீளும். மொனாஷில் முதல் நாளிலிருந்தே இஞ்சினியரிங், நாலு வருடம், ஹொனர்ஸோடு. முதல் வருடம் எல்லோருக்கும் பொது, அதன் முடிவில் சிவிலா, மெக்கானிக்கலா, ரோபோட்டிக்ஸும் மெக்கட்ரோனிக்ஸுமா, சொஃப்ட்வெயரா என்று பிரிந்து போகலாம்.

இரண்டு பாதையின் முடிவிலும் கிடைப்பதை எஞ்சினியர்ஸ் ஓஸ்ட்ரேலியா அங்கீகரிக்கிறது. அந்த விஷயத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் மெல்பேர்ண் பாதையில் மூன்றாவது வருட முடிவில் கையில் இருப்பது சயன்ஸ் பட்டம். அதோடு நின்றால் அவள் இஞ்சினியர் இல்லை.

இது தெரியாமல் இருக்கிற பெற்றோர் எவ்வளவு பேர் என்று நினைக்கிறீர்கள்! பள்ளிக்கூடத்தில் மாணவருக்குப் படிப்பு ஆலோசனை சொல்லும் இந்த வேலையைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் ஒரு தகப்பன் என்னைத் தேடி வந்தார். மூத்த மகனின் பட்டமளிப்புக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பேத்தியார் வரை வந்து, கறுப்பு அங்கியில் படம் எடுத்து, வரவேற்பறையில் பெரிதாக மாட்டியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பையன் மெதுவாகச் சொல்லியிருக்கிறான், "அப்பா, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது." தகப்பன் என் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு, "அப்ப அந்தப் படம் என்ன படம் சேர்?" என்று கேட்டார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. பையன் பிறகு அந்த இரண்டு வருடத்தையும் நன்றாகவே முடித்தான். ஆனால் அந்த வீட்டில் ஐந்து வருடக் கணக்கு முதலிலேயே பேசப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்து வருடம் வீண் என்று சொல்ல வரவில்லை. பதினெட்டு வயதில் என்னவாகப் போகிறேன் என்று தெரியாத பிள்ளைக்கு அந்த மூன்று வருடம் ஒரு வரம். சயன்ஸுக்குள் இருந்துகொண்டே கணிதம், பௌதிகம், கணினி, நரம்பியல் என்று தொட்டுப் பார்க்கலாம். தன் துறைக்கு வெளியேயும் சில பாடங்கள் எடுத்தே ஆக வேண்டும் என்பது அங்கே விதி. அந்த ஜன்னல் வழியாக வேறு உலகத்துக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இஞ்சினியராக வேண்டும் என்று போய், வெளியே எடுத்த ஒரு மொழியியல் பாடத்தில் விழுந்து, இன்று பேச்சுக் குறைபாடுள்ள சிறுவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கிறவள் ஒருத்தி. நேராக நாலு வருட இஞ்சினியரிங்கில் சேர்ந்திருந்தால் இரண்டாம் வருடத்தில் அழுதிருப்பாள்.

கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் மகளுக்குத் தெரியுமா, தெரியாதா?

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கணவர் வருகிறார், அண்ணா வருகிறார், அண்ணாவின் மகன் வருகிறான், பிறந்தநாள் வீடு வருகிறது. மகள் பேசியது ஒரே ஒரு வரி, "எதென்றாலும் பரவாயில்லை அம்மா." இரண்டு பெரியவர்கள் முறுகிக்கொண்டு நிற்கிற வீட்டில் ஒரு பிள்ளை வேறு என்ன சொல்லும்? அதை அவளுடைய பதிலாக எடுக்காதீர்கள். ஆனால் அடுத்த வரியில் நீங்கள் அறியாமலே ஒன்றைச் சொல்லிவிட்டீர்கள். நாலு வருடமாக ரோபோட்டிக்ஸ், சனி ஞாயிறு கராஜுக்குள். பன்னிரண்டாம் வகுப்பு வருடத்திலும் அதை விடாமல் செய்த பிள்ளை என்றால், அது பொழுதுபோக்கு இல்லை என்றுதான் என் அனுபவம் சொல்கிறது.

அதனால்தான், கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னால், நான் மொனாஷை மேலே ஏற்றுவேன். கையால் செய்து பழகிய பிள்ளைக்கு முதல் வருடத்திலேயே வடிவமைப்பும் ஸ்மார்ட் சிஸ்டம்ஸும் பாடமாக வருகிற இடம் அது. ரேசிங் கார் கட்டுகிற மாணவர் குழு, செவ்வாய்க் கிரகத்தில் ஓடுகிறது போன்ற ரோவர் கட்டுகிற குழு எல்லாம் அங்கே உண்டு. மெல்பேர்ணிலும் மாணவர் கார்க் குழு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே முதல் இரண்டு வருடத்தில் பெரும்பகுதி சுத்தக் கணிதமும் சயன்ஸும்தான். கராஜில் ஸ்பானரோடு நின்றவளுக்கு அது நீண்ட காத்திருப்பு. கணிதத்தை அதன் அழகுக்காகவே விரும்புகிறவள் என்றால் கதை வேறு, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உங்கள் அண்ணா சொல்லியிருக்க மாட்டார். மொனாஷில் இஞ்சினியரிங்கோடு சயன்ஸையோ கொமர்ஸையோ சேர்த்து இரட்டைப் பட்டமாகச் செய்யலாம், ஐந்து வருடம். அதாவது அதே ஐந்து வருடத்தில் மெல்பேர்ண் ஒரு சயன்ஸ் பட்டமும் ஒரு மாஸ்டர்ஸும் தருகிறது, மொனாஷ் இரண்டு முதற்பட்டம் தருகிறது. முதல் வருடம் முடிந்து, "நாலு போதும்" என்று தோன்றினால் ஒன்றை விட்டுவிடலாம். தயக்கம் கொஞ்சம் இருக்கிற பிள்ளைக்கு இதுவும் ஒரு வழி. வீட்டாக் பட்டியலில் அது தனி வரியாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

கணவரின் இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்லவில்லை, நானும் என் பிள்ளைக்கு இதே கணக்குப் போட்டவன்தான்.

தரவரிசை. கியூ.எஸ். 2026 பட்டியலில் மெல்பேர்ண் 19, மொனாஷ் 36. உண்மை. அந்தப் பட்டியலின் மதிப்பெண்ணில் பாதி, பேராசிரியர்களிடம் கேட்டு எடுக்கும் நற்பெயரும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கும்தான். முதல் வருடப் பிள்ளைக்கு டியூட்டோரியலில் யார் வந்து நிற்கிறார் என்று அது சொல்லாது. இரண்டுமே நாட்டின் எட்டு முன்னணிப் பல்கலைக்கழகக் குழுவைச் சேர்ந்தவை. விக்டோரியாவில் இப்போது இஞ்சினியர்களைப் பதிவு செய்கிற சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவிலும் பார்ப்பது அங்கீகாரமுள்ள பட்டமா, எத்தனை வருட அனுபவம் என்பதைத்தான். மெல்பேர்ண் என்ற பெயருக்கு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கூடுதல் மரியாதை உண்டு, அது எனக்கும் தெரியும். ஆனால் அவள் வேலை தேடப் போவது டண்டினோங்கில், டோக்லண்ட்ஸில். அங்கே இரண்டு பெயரும் ஒன்றுதான். ஒரு வேடிக்கை சொல்கிறேன், கணவரிடம் சொல்லுங்கள்: மொனாஷ் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜெனரல் ஜோன் மொனாஷ் ஓர் இஞ்சினியர். படித்தது மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில்.

மெடிசின். இதுதான் உள்ளே இருக்கிற உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். மெல்பேர்ண் சயன்ஸ் மருத்துவத்துக்கு ஒரு வாசல்தான், ஆனால் அது சயன்ஸ் மாணவருக்கு மட்டும் திறக்கிற வாசல் இல்லை. எந்தப் பட்டம் முடித்தவரும் பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுப் பரீட்சையான கம்சாட்டை எழுதலாம். அதில் நல்ல புள்ளி, பட்டத்தில் உயர்ந்த சராசரி, நேர்முகம் எல்லாம் தாண்டி, பிறகு நாலு வருடம் படிப்பு. இஞ்சினியரிங் முடித்துவிட்டு அப்படிப் போனவர்களும் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து நேராக மெடிசின் போவதற்கு யூகாட் என்ற நுழைவுப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும், அதற்கான காலம் வருட நடுப்பகுதியோடு போய்விட்டது. எழுதியதாக நீங்கள் சொல்லவில்லை. அவள் என்றைக்காவது டொக்டர் ஆக வேண்டும் என்று சொன்னாளா? கடிதத்தில் தேடினேன், இல்லை. அப்பாவின் ஆசைக்காக மகளின் படிப்பில் ஒரு வருடத்தைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். அரசு உதவி பெறும் இடத்துக்குப் பிள்ளை கட்ட வேண்டிய தொகையின் உச்சத்தை அரசு வைக்கிறது. சயன்ஸும் இஞ்சினியரிங்கும் ஒரே பிரிவில் வருகின்றன, வருடத்துக்கு ஒன்பதாயிரம் டொலரைத் தாண்டும். ஆகவே வருடக் கட்டணத்தில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் அந்த ஐந்தாவது வருடம்: ஒரு வருடக் கட்டணம், அதைவிடப் பெரிதாக ஒரு வருடச் சம்பளம். மெல்பேர்ணைத் தெரிவு செய்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: மாஸ்டர்ஸுக்கும் அரசு உதவி இடம் உறுதியா, அதற்கு எவ்வளவு சராசரி வேண்டும்? முழுக் கட்டண இடம் என்றால் தொகை பல மடங்கு ஏறிவிடும். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஹெக்ஸ் என்கிற அரசின் கல்விக் கடனைக் கண்டு பயந்து வீட்டுக் கடனிலிருந்து எடுத்துக் கட்டுகிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வட்டி இல்லை, விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு இரண்டில் எது குறைவோ அதற்கு ஏற்ப மட்டும் கூடும். 2025-26 கணக்குப்படி வருமானம் 67,000 டொலரைத் தாண்டிய பிறகுதான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், அதுவும் தாண்டிய தொகையில் டொலருக்கு 15 சதம் என்று ஆரம்பிக்கிறது. முன்கூட்டிக் கட்டினால் பத்து வீதம் கழிவு என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, 2023 தொடக்கத்தோடு எடுத்துவிட்டார்கள்.

பயணம். இந்த விஷயத்தில் நோபிள் பார்க் அதிர்ஷ்டமான இடம். மொனாஷுக்கு என்றால் ஹண்டிங்டேலில் இறங்கி 601 பஸ். ஸ்டேஷனுக்கும் கம்பஸுக்கும் மட்டும் ஓடுகிற பஸ் அது, செமஸ்டர் நாட்களில் ஒன்று போனால் பின்னாலேயே அடுத்தது நிற்கும். காலை எட்டே முக்காலுக்கு வரிசை மட்டும் நல்லூர்த் திருவிழா மாதிரி இருக்கும், ஆனால் நகரும். மெல்பேர்ணுக்கு முன்பு என்றால் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் இறங்கி டிராம் பிடிக்க வேண்டும். அந்தக் கஷ்டம் போய்விட்டது. 2025 நவம்பர் கடைசியில் மெட்ரோ டனல் திறந்தபிறகு உங்கள் லைன் ரயில் பார்க்வில் ஸ்டேஷனுக்கே போகிறது, பல்கலைக்கழக வாசலில் ஏறி வெளியே வரலாம். நேரம் அங்கே கூடத்தான் எடுக்கும், ஆனால் மாறி ஏறத் தேவையில்லை, இருந்து படித்துக்கொண்டு போகலாம். ஆகவே தூரத்தைக் காரணமாக வைத்து முடிவெடுக்காதீர்கள். இரவு லாப் முடிந்து வருவதைப் பற்றி நீங்கள் யோசிப்பது விளங்குகிறது. இரண்டு இடத்திலும் இருட்டிய பிறகு கூட வந்து விடுகிற பாதுகாப்பு ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு நோபிள் பார்க் ஸ்டேஷனில் காரோடு நிற்கப்போவது எப்படியும் அப்பாதான்.

இனி இன்றிரவு என்ன செய்வது? "எந்த யூனி?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அதே பதில்தான் வரும். இரண்டு பல்கலைக்கழகத்தின் கையேடும் இணையத்தில் இருக்கிறது. மெல்பேர்ண் சயன்ஸின் முதல் வருடப் பாடங்களையும் மொனாஷ் இஞ்சினியரிங்கின் முதல் வருடப் பாடங்களையும் இரண்டு தாளில் அச்சிடுங்கள். மேலே இருக்கிற பெயரை வெட்டிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு, அப்பா இல்லாத நேரமாகப் பார்த்து, அவளிடம் கொடுங்கள். எதையும் சொல்ல வேண்டாம், வாசிக்க விடுங்கள்.

நான் பள்ளியில் இதைப் பல வருடமாகச் செய்கிறேன். "எனக்கு எதுவும் ஓகே" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண் முதல் தாளைப் பேசாமல் வாசித்துவிட்டு வைத்தாள். இரண்டாவது தாளில் பாதியில் நிமிர்ந்து, "இதில் லாப் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்?" என்று கேட்டாள். எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. இன்னொரு பையன் முதல் தாளில் இருந்த தத்துவப் பாடத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுவிட்டு, போட்டதையே மறந்து மற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவனை மெல்பேர்ணுக்கு அனுப்பினேன். எந்தத் தாளில் கேள்வி வருகிறது என்று கவனியுங்கள்.

மொனாஷ் தாளில் கேள்வி வந்தால் அதை முதலாவதாக்குங்கள், மெல்பேர்ண் சயன்ஸ் இரண்டாவதாக இருக்கட்டும். மெல்பேர்ண் தாளில் வந்தால், அல்லது "அம்மா, எனக்கு உண்மையிலேயே தெரியாது" என்று வாய்விட்டுச் சொன்னால், இப்போது இருக்கிற ஒழுங்கை அப்படியே விடுங்கள். அதுவும் நல்ல முடிவு. கணவரிடம் ஐந்து வருடம் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டாக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருப்பது. அதன் பாஸ்வேர்ட் இப்போது யாரிடம் இருக்கிறது? அப்பாவின் ஃபோனில் என்றால் வாங்கி அவளிடம் கொடுங்கள். ஒழுங்கை மாற்றுவதோ விடுவதோ, அந்தப் பொத்தானை அவளே அழுத்தட்டும். அழுத்தினபிறகு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா என்று நீங்கள் பாருங்கள்.